கரவனுக்குள் ஒரு சிவப்பு விளக்கு

காருக்குப் பின்னால் கொழுவி இழுக்கும் வீடான அந்தப் பழைய கரவனைக் குலசேகரம் வாங்கியதே அதன் வசதிகளில் மயங்கித்தான். அமுக்கினால் தண்ணீர் தரும் குழாய், குழல்விளக்கு, கையகல ரிவிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே பற்றரி. லண்டன் டூட்டிங் தெருவில் அது நின்ற ஒரு கிழமையும், போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான்.

சனி மத்தியானம் எப்பிங் காட்டோரக் கரவன் தரிப்பிடத்தில், விருந்துக்கு வந்த நண்பன் எட்வேட்டின் முன்னால், குழாய் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. ரிவியும் புள்ளியாய்ச் சுருங்கி அணைந்தது.

"அண்ணை, மாளிகைக்குத் தண்ணி வெட்டிப்போட்டாங்களோ?" என்று சிரித்தான் எட்வேட்.

இருவரும் வயரைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அது அலுமாரிக்குள், முருகன் படத்தின் முன் மங்கலாய் எரிந்த சிவப்புப் பல்பில் முடிந்தது. கரவன் பூசைக்கென்று குலசேகரமே பொருத்திய பல்பு. யாரும் அணைக்காதபடி சுவிச்சின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"வத்சலா, இது எப்ப தொடக்கம் எரியுது?"

"போன சனி தொடக்கம்." மனைவி வெங்காயம் அரிவதை நிறுத்தவில்லை. "தம்பி வெளியால வருமட்டும் விளக்கு நூரக்கூடாதெண்டு நேர்ந்தனான். வீட்டில ஏலுமே? கரண்ட் மீற்றரில போட்ட காசு முடிஞ்சு ரெண்டு தரம் நூந்துபோச்சு. கரவனுக்குக் காசு போடத் தேவையில்லையெண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

சொன்னவன்தான். அவளுடைய தம்பியைக் கொழும்பில் பிடித்துக்கொண்டுபோய் நாலு மாதம். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றும் தெரியாது. குலசேகரத்தின் கை வயரில் இருந்தது. கழற்றினால் குழாயாவது கொஞ்சம் ஓடும்.

"விடுங்கோ அண்ணை," என்றான் எட்வேட். இப்போது அவன் சிரிக்கவில்லை. "எங்கட கோயிலிலயும் நற்கருணைக்கு முன்னால இப்பிடி ஒண்டு எரியும். ஒருத்தரும் கை வைக்கமாட்டினம்."

குலசேகரம் வயரை விட்டான். எத்தனை வசதிகளை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பான்! அவள் அந்தக் கரவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றைத்தான். அதைக்கூட அவனிடம் சொல்லிக் கேட்கவில்லை. குழாய், ரிவி, குழல்விளக்கு என்று ஒவ்வொன்றின் பியூஸையும் பிடுங்கிச் சட்டைப்பைக்குள் போட்டான். கார்ப் பற்றரியிலிருந்து கரவன் பற்றரிக்கு வயர் கொடுத்தான்.

"வத்சலா, நீர் காருக்குள்ள ஏறி இரும். வலது காலால மெல்ல மிதியும், பற்றரி ஏறும்."

வத்சலா அதுவரை சாரதி இருக்கையில் உட்கார்ந்ததே இல்லை. வெங்காயக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு ஏறினாள். இயந்திரம் உறுமியது.

"விளக்கு வெளிக்குது! விடாதேங்கோ அக்கா!" என்று அலுமாரிக்குள் தலையை விட்டபடி எட்வேட் கத்தினான்.

பக்கத்துக் கரவன் கிழவி காதைப் பொத்திக்கொண்டு வந்து கார்க் கண்ணாடியில் தட்டினாள். வத்சலா கண்ணாடியை இறக்கி, "சொறி," என்று இங்கிலீசில் மன்னிப்புக் கேட்டாள். மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.