காப்பிக்குச் சூடு பத்தலை

பெருமாநல்லூர் ரோட்டில் இருந்த அந்தப் பனியன் கம்பெனியில் ராசப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் அவர் 'பாய்லர்க்காரர்'. அவர் பாய்லர் பக்கம் போயே ஆறு வருஷம் ஆகியிருந்தது. இங்கே அவருக்குப் பேக்கிங்கில் வேலை. அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டி, நம்பர் எழுதி, அடுக்க வேண்டும். ஆனாலும் மண்ணரையில் ஒரு சாயப்பட்டறையில் பதினோரு வருஷம் பாய்லர் பார்த்தவர், அது வெடித்த அன்றைக்கு ஒரு கீறல்கூட இல்லாமல் தப்பித்தவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. பட்டப்பேரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

நீராவி என்றால் அவருக்கு எவ்வளவு பயம் என்பது மனைவி குப்பாயிக்கு மட்டும் தெரியும். அவர்கள் வீட்டில் குக்கர் கிடையாது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட, சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு எழுந்து போய்விடுவார். அந்தப் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது குப்பாயிக்கும் தெரியாது.

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஐப்பசி மாதம். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி வீட்டுக் கார் டிரைவர் அருள்குமார் பேக்கிங்குக்கு வந்து நின்றான்.

"ராசப்பண்ணா, அம்மா உங்களை ஊட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. சுருக்கா வாங்க."

"என்ன வேலைங்கண்ணு?"

"காப்பி மெஷின் என்னமோ பண்ணுதாமா. ஆவி சமாச்சாரம், பாய்லர்க்காரருக்குத்தான் தெரியும்னாங்க."

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். என்ன காரணம் சொல்வது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டார்.

போகிற வழியில் அருள்குமார் கதையைச் சொன்னான். முதலாளி சிவசுப்பிரமணியத்துக்கு, அவரிடம் பனியன் வாங்குகிற இத்தாலி பையர் ஒருத்தர் போன மாசம் கொடுத்துவிட்டுப் போன மெஷின் அது. மேலே காப்பிக்கொட்டையைக் கொட்டி ஒரு பட்டனை அமுக்கினால் போதும், அதுவே அரைத்து, அதுவே டிகாஷன் இறக்கிக் கொடுத்துவிடும். வருகிறவர்களுக்கெல்லாம் முதலாளி அதைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஒரு குறை, காப்பி சூடு பத்தவில்லை. போன வாரம் வந்த பங்காளி ஒருத்தர் ஒரு வாய் குடித்துவிட்டு, "காலைல போட்ட காப்பியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். இன்றைக்கு மகள் கலைமகளைப் பார்க்கச் சேவூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருகிறார்கள். "அந்த மெஷின்லதான் காப்பி தரோணும், வாய் வெச்சாச் சுடோணும். எப்படியோ பண்ணி வை" என்று பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டு முதலாளி காலையிலேயே கோயமுத்தூர் கிளம்பிவிட்டார்.

"அதுக்கு அம்மா பிரிட்ஜ் மெக்கானிக் ஒருத்தரைக் கூப்பிட்டாங்க. அவரு கழட்டி என்னமோ பண்ணிட்டு, டைரக்ட் குடுத்துட்டேன், இனிமே கொதிக்கக் கொதிக்க வரும்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க."

டைரக்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ராசப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. சூடு அளவு மீறினால் கரண்டைத் துண்டிக்கிற காவலை எடுத்துவிட்டான் என்று அர்த்தம். மண்ணரையிலும் இதேதான் நடந்தது. கறுப்புச் சாயம் பிடிக்கவில்லை, சூடு இன்னும் வேண்டும் என்று சூப்பர்வைசர் பாய்லரின் சேப்டி வால்வில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். வேண்டாம் என்று ராசப்பனும் சொன்னார், கூட வேலை பார்த்த ஆத்தப்பனும் சொன்னான். யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானமே அது வெடித்தது.

"மெதுவாப் போ கண்ணு," என்றார். கார் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஹாலில் முதலாளியின் மனைவி நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை பாதி மடிப்போடு நாற்காலியில் கிடந்தது. சமையல்காரி மயிலாத்தாள் மூடிய சமையலறைக் கதவுக்கு வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கதவுக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது. ஈர விறகு எரிகிற மாதிரி ஒரு சீறல், நடுநடுவே டக், டக் என்று ஒரு தட்டல். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம் ஹால் வரைக்கும் வந்துவிட்டது.

"வாங்ண்ணா," என்றாள் நிர்மலா. குரல் இறங்கிப் போயிருந்தது. "மொதல் கப்பு நல்லாக் கொதிச்சு வந்துச்சுங்க. ரெண்டாவது கப்புக்கு அமுக்குனா டிகாஷன் சுவரு வரைக்கும் பீச்சி அடிச்சுச்சு. அப்புறம் இப்படிச் சத்தம். பட்டனை அமுக்குனா நிக்க மாட்டீங்குது. பிளக்கு மெஷினுக்குப் பின்னால இருக்குதுங்க, அங்கதான் ஆவி வருது. கிட்டப் போவ முடியல."

"எத்தனை நேரமா, அம்மிணி?"

"கால் மணி நேரத்துக்கு மேல ஆச்சுங்க."

ராசப்பன் மூடிய கதவையே பார்த்தார். உள்ளே மிச்சமிருக்கிற தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, வெளியே போக வழி சின்னது, சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது. மெஷின் எவ்வளவு பெரியது என்றுகூட அவர் பார்க்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் மண்ணரைப் பாய்லரே நிற்கிற மாதிரி இருந்தது.

"மெயினை ஆஃப் பண்ணச் சொல்லுங்க," என்றார்.

அருள்குமார் வெளியே ஓடினான். காற்றாடி நின்றது. சீறல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. ராசப்பன் ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் மனதுக்குள் எண்ணினார். பிறகு கதவைத் திறந்தார்.

சமையலறை முழுக்க வெள்ளையாக ஆவி. மேடையின் மூலையில், அரிசி டின் அளவுக்குத்தான் இருந்தது அந்த மெஷின், பளபளவென்று. அதன் முதுகிலிருந்து நூல் மாதிரி ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. தரையில் டிகாஷன் சிந்தி வழுக்கியது. ஒவ்வோர் அடியாக வைத்துப் போனார். பின்னாலேயே மயிலாத்தாள் ஒரு தடித்த துண்டோடு வருவது தெரிந்தது. வராதீங்க என்று சொல்ல நினைத்தபடியே இன்னோர் அடி வைத்தார். மெஷினுக்குப் பின்னால் கையை விட்டார். பிளக் விரலில் பட்டது.

அப்போது கொல்லைப்புறத்தில் ஏதோ இருமியது. ஒரு தரம், இரண்டு தரம், அப்புறம் கடகடவென்று ஓடத் தொடங்கியது. கரண்ட் போனால் தானாக ஸ்டார்ட் ஆகிற ஜெனரேட்டர் அந்த வீட்டில் இருந்தது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. லைட் எரிந்தது. அவர் கைக்குப் பக்கத்திலேயே மெஷின் டக் என்றது, சீறியது, முதுகிலிருந்து ஆவி பீச்சிக்கொண்டு வந்தது.

ராசப்பன் ஓடினார். யோசித்து ஓடவில்லை. கால்கள் ஓடின. மயிலாத்தாளின் தோளில் இடித்துக்கொண்டு, ஹாலைத் தாண்டி, வாசற்படி இறங்கி, காருக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றார். நின்ற பிறகுதான் மயிலாத்தாளை உள்ளே விட்டுவிட்டு வந்தது உறைத்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான். பாய்லரின் சத்தம் மாறியதை முதலில் கேட்டது அவர். ஆத்தப்பன் அப்போது மீட்டர் பக்கம் குனிந்திருந்தான். அவனை ஒரு வார்த்தை கூப்பிட நேரம் இருந்தது. கூப்பிடாமல் ஓடினார். மூன்றாம் நாள் ஆத்தப்பன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடமெல்லாம், ஒதுங்கப் போயிருந்தேன் என்று சொன்னார். இன்றுவரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி உள்ளே போக வேண்டும் என்று தெரிந்தது. வாசற்படியில் கையை ஊன்றி ஊன்றித்தான் ஏறினார். ஹாலுக்குள் வந்தபோது சீறல் நின்றிருந்தது. திறந்த கதவு வழியே, மேடைக்குப் பக்கத்தில் மயிலாத்தாள் நிற்பது தெரிந்தது. வலது கையில் துண்டு சுற்றியிருந்தது, அந்தக் கையில் பிளக்கோடு மெஷினின் ஒயர்.

"புடுங்கிட்டேன் சாமி," என்றாள். "கையில கொஞ்சம் பட்டுருச்சு. தண்ணி ஊத்துனாச் செரியாப் போயிரும்."

முழங்கைக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. ராசப்பன் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்த் தண்ணீரில் கையை நீட்டச் சொல்லி, வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, நான் ஓடிட்டேன்."

"ஆமா. எனக்கும் ஓடத்தான் தோணுச்சு. தரை வழுக்குச்சு, ஓட முடியல. எட்டுன தூரத்துல ஒயரு இருந்துச்சு, இழுத்துட்டேன்."

பின்னால் நிர்மலா நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதிலும் விழுந்தது. ராசப்பன் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஆவின்னா ரொம்பப் பயமுங்க அம்மிணி. பாய்லர்க்காரருன்னு சொல்றாங்க, அதெல்லாம் அந்தக் காலமுங்க. வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க."

நிர்மலா மணியைப் பார்த்தாள். ஒன்றரை. "எனக்கும் காலையில இருந்து பயந்தானுங்ண்ணா," என்றாள். "அவருக்கு என்ன பதில் சொல்றதுன்னு. உங்களை உட்டா எனக்கு இப்ப வேற ஆளு இல்லீங்க. பிளக்குதான் புடுங்கியாச்சே, சும்மா பாத்தாவது சொல்லுங்க."

ராசப்பன் தலையாட்டினார். முக்கால் மணி நேரம் யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்றார். ஆறியதும் அருள்குமார் காரிலிருந்து கொண்டுவந்த ஸ்க்ரூ டிரைவரால் பின்மூடியைக் கழற்றினார். பிளக்கைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் கழற்றினார். ஒயர் இழுபட்டுக் கழுத்துக்குக் கீழே தொங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

உள்ளே பார்த்ததும் புரிந்தது. சூடு ஏறினால் கரண்டைத் துண்டிக்கிற வில்லை ஒன்று, அது தவறினால் தானே உருகி நிறுத்துகிற இன்னொன்று. இரண்டையும் விலக்கி, ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருந்தான் மெக்கானிக். நல்லவேளை, எதையும் வெட்டவில்லை. டேப்பைப் பிரித்து, கிளிப்புகளை இருந்த இடத்தில் மாட்டினார். கருகின நாற்றம் ஒரு ஒயரின் மேலுறை இளகியதால் வந்தது. அந்த ஒயருக்குப் புதிதாக டேப் சுற்றினார்.

அப்புறம் தண்ணீர்த் தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது.

"என்ன தண்ணி ஊத்துறீங்க, அம்மிணி?"

"போர் தண்ணிதானுங்க."

"அதானுங்க. சூடு பண்ற இடத்துலயும் இப்படித்தான் ஒட்டியிருக்கும். உப்பு ஒட்டுனா எந்தப் பாய்லரும் சூடு குடுக்காது." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் நடுங்கவில்லை. மயிலாத்தாள் எலுமிச்சை உப்பு டப்பாவை எடுத்து வந்தாள். அந்தப் படிவு கரைய இரண்டு கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றினார்.

இனி மெஷினை ஓடவிட்டுத்தான் ஆக வேண்டும். பிளக்கைப் பையிலிருந்து எடுத்தார். வியர்வை கண்ணில் இறங்கியது. மெஷினைச் சுவரிலிருந்து தள்ளி, சுவிட்ச் கைக்கு எட்டுகிற மாதிரி திருப்பி வைத்தார். மற்ற மூன்று பேரையும் ஹாலுக்குப் போகச் சொன்னார். நிர்மலாவும் அருள்குமாரும் போனார்கள். மயிலாத்தாள் போகவில்லை.

"நீங்களும் போங்க அக்கா."

"உனக்குத் துணைக்கு இருக்கறேன் சாமி. நீ கதவுப் பக்கம் நில்லு, நான் இந்தப் பக்கம் நிக்கறேன்."

"இல்லீங்க. நீங்க கதவுப் பக்கம் நில்லுங்க."

பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டார். மெஷின் உறுமியது. கால்கள் வாசலைத் தேடின. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் டக் என்று ஒரு சத்தம், சூடு ஏறியதும் கரண்ட் தானாகத் துண்டிக்கப்பட்ட சத்தம். சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. எலுமிச்சைத் தண்ணீர் கலங்கலாக, வெள்ளைத் துகள்களோடு இறங்கியது. இரண்டு தொட்டி ஓடிய பிறகுதான் தெளிந்தது. அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி மூன்று தரம் கழுவவிட்டார். ஒவ்வொரு தரமும் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

மூன்றே கால் மணிக்கு ஒரு கப் காப்பி போட்டுப் பார்த்தார்கள். முன்னைக்குத் தேவலை, ஆனால் நாக்கைச் சுடவில்லை. ராசப்பன் கப்பைத் தொட்டுப் பார்த்தார். கனமான பீங்கான், ஏசி ஹால் அலமாரியில் இருந்து எடுத்தது, ஜில்லென்று இருந்தது. பால் பிரிட்ஜிலிருந்து அப்படியே.

"மெஷின் இனிமே இதுக்கு மேல சூடு பண்ணாதுங்க, பண்ணவும் கூடாது. கப்புல மொதல்ல வெறும் சுடுதண்ணியை இறக்கி, கப்பு சூடானதும் கொட்டிருங்க. மெஷினும் அதுல சூடாயிரும். பாலை அடுப்புல பொங்க வெச்சு அப்படியே ஊத்துங்க. எல்லாக் கப்பையும் போட்டு வெச்சுட்டுக் கொண்டு போவாதீங்க, ரெண்டு ரெண்டா அனுப்புங்க."

அதன்படி போட்ட கப்பை நிர்மலா வாயில் வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டாள். உதட்டைத் தடவிக்கொண்டே, "போதுமுங்ண்ணா," என்றாள்.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் ராசப்பன் கம்பெனிக்குத் திரும்பிவிட்டார். மயிலாத்தாள் கையில் மருந்து தடவிக்கொண்டு அடுப்படியில் பால் காய்ச்சினாள் என்றும், சேவூர்க்காரர்கள் காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்கள் என்றும் மறுநாள் அருள்குமார் சொன்னான்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து முதலாளி அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நிர்மலா எல்லாம் சொன்னா," என்றார். "உட்காருங்க. நாம சொந்தமாச் சாயப்பட்டறை போடறோம். பாய்லரும் வருது. அதை உங்க கையில குடுத்தரலாம்னு இருக்கறேன். சம்பளம் இப்ப வாங்கறதுக்கு ஒண்ணரைப் பங்கு."

ராசப்பன் உட்காரவில்லை. "இல்லீங்க. நான் அதுக்கு ஆவ மாட்டேனுங்க."

"ஏனுங்க? காப்பி மெஷினைச் செரி பண்ணுனீங்களே?"

"அன்னைக்கு நான் ஓடிட்டனுங்க. மயிலாத்தாக்காதான் புடுங்குனாங்க. மண்ணரையிலயும் ஓடிட்டேன். ஒதுங்கப் போயிருந்தேன்னு எல்லாருகிட்டயும் சொன்னது பொய்யிங்க. நான் உள்ளதான் இருந்தேன். ஆத்தப்பனைக் கூப்புடாம ஓடிட்டேன்."

இனி வேலை போய்விடும், ஊர் முழுக்கப் பேசும் என்று நினைத்தார். முதலாளி மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். கடைசியில், "செரி, போங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலமே குப்பாயியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, ஆத்தப்பன் பெண்டாட்டி இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. விசாரிக்கிறேன் என்றார்.

வேலை போகவில்லை. தை மாதம் சாயப்பட்டறை தொடங்கியபோது பாய்லருக்கு ஈரோட்டிலிருந்து வேறொருவர் வந்தார். முதல்நாள் ராசப்பன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே நடந்து போனார். வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. வெளியில் நின்றபடியே அந்த ஆளைக் கூப்பிட்டு, சேப்டி வால்வில் யார் எதைக் கட்டச் சொன்னாலும் கட்டாதீங்க, முதலாளியே சொன்னாலும் கட்டாதீங்க என்று சொன்னார். உள்ளே பாய்லர் மூச்சு விட்டது. அந்த ஆள் செரி என்று தலையாட்டும் வரைக்கும் நின்றார். அப்புறம் வேகமாகத் திரும்பி நடந்தார்.