பூனாதானே?

அகிலாண்டம் இருட்டுக்குப் பயப்பட மாட்டாள். குழாயடிச் சண்டைக்குப் பயப்பட மாட்டாள். அவள் பயப்படுவது ஒரே ஒரு கேள்விக்குத்தான். வீட்டை விட்டுக் கிளம்புகிறவளைப் பார்த்து யாரும் "எங்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டால் போகிற காரியம் உருப்படாது. அப்படியே திரும்பி உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்ப வேண்டும். பம்பாய் மாட்டுங்காவில் அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுவதற்கும் இது தெரியும். அவள் கையில் பையோடு படி இறங்கினால் பால்காரன்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்ப்பான். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு புண்ணியவான் தெரியாமல் மூன்று தரம் கேட்டுவைத்து, அவள் மூன்று தரம் தண்ணீர் குடித்து, ஒரு கல்யாணத்தில் முகூர்த்தமே தவறிப்போனது.

அவள் கணவர் ஜகந்நாதனுக்கு இந்த மாதிரிப் பயம் ஒன்றும் கிடையாது. அவருக்கு இருந்தது சந்தேகம். கோட்டைப் பக்கம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷமாகக் குமாஸ்தா. தபால் பெட்டியில் கவரைப் போட்டுவிட்டு "போட்டாச்சுதானே?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிற மனுஷர். அவர் வாயிலிருந்து எந்த வாக்கியம் புறப்பட்டாலும் முடிவில் ஒரு தானே ஒட்டிக்கொண்டுதான் வரும்.

இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து பூனாவுக்கு ஒரு காரை ஏற்பாடு செய்யும்படி நேர்ந்தது.

மகள் ராஜலக்ஷ்மி அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் பிரசவம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது ஊரறிந்த நியாயம். சம்பந்தி அம்மாளான அம்மிணி மட்டும் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டும் ஒப்புக்கொள்ளாமலும் மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுக் கடைசியில் ஒரு கெடு வைத்தாள். வியாழக்கிழமை வந்து, பகல் ஒன்றரை மணிக்கு ராகு காலம் பிறக்கும் முன் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை வீட்டு லக்ஷ்மியை வெளியே அனுப்புவதில்லை. சனிக்கிழமை எட்டாம் மாதம் பிறந்துவிடும், அப்புறம் பெண்ணை அசைப்பதற்கில்லை.

ஆக, வியாழக்கிழமையை விட்டால் ராஜலக்ஷ்மிக்குப் பூனாவில்தான் பிரசவம். அந்த வலியில் அவள் பக்கத்தில் அம்மிணிதான் இருப்பாள், அம்மா இருக்க மாட்டாள். இதை நினைத்து அகிலாண்டம் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

ரயிலில் போகலாம் என்றால், யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் கூட்டம் குறையவில்லை. ஜன்னல் வழியாக ஆட்கள் ஏறுகிற வண்டியில் ஏழு மாதக் கர்ப்பிணியை எப்படி அழைத்து வருவது? ஜகந்நாதன் குர்லாவுக்குப் போய் அய்யாத்துரையைப் பார்த்தார். தாராவியில் குடியிருக்கும் திருநெல்வேலிக்காரர், குர்லாவில் சொந்தமாக மோட்டார் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். கம்பெனி மானேஜரின் வண்டி படுத்துக்கொள்ளும்போதெல்லாம் வந்து எழுப்பிவிடுவார். அந்த வகையில் பழக்கம்.

"ஒரு பழைய ஷெவர்லே கெடக்கு சாமி. பெட்ரோல் ரேஷனுக்கு நான் பொறுப்பு. நம்ம டிரைவர் தோண்டுவ அனுப்புதேன். மராட்டிக்காரன், தங்கமான பய" என்றார் அய்யாத்துரை.

"பூனா வழி அவனுக்குத் தெரியும்தானே?"

"கண்ணக் கட்டி விட்டாலும் போயிருவான்."

"இன்னொண்ணு. கார்த்தால வாசல்ல வந்து நின்னுண்டு, எங்கே போகணும்னு அவன் கேக்கப்படாது."

அய்யாத்துரை கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். "எங்கன்னு கேக்கக்கூடாதா? பெறவு ஒரு டாக்சிக்காரன் வேற என்னத்தக் கேப்பான் சாமி?"

"ஒண்ணையுமே கேக்க வேண்டாம். நீர் முன்னாடியே சொல்லி வச்சுடும். ஆத்துல அவளுக்கு ஆகாது, கேட்டேளா."

அய்யாத்துரை சொல்லி வைத்தார். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லி வைத்தார். அந்த வீட்டு அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், வண்டியை விட்டு இறங்கிவிடுவாள், பிறகு உனக்கு சவாரியே கிடையாது என்று இந்தியில் பயமுறுத்தி, போக வேண்டிய இடம் பூனா என்பதையும் காதில் போட்டு அனுப்பினார்.

வியாழக்கிழமை விடியுமுன் ஷெவர்லே வந்து நின்றது. தோண்டு வாயை இறுக்க மூடிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டான்.

"தோண்டுன்னா பேரு? எதைத் தோண்டறதாம்?" என்று கணவரிடம் கேட்டுக்கொண்டே அகிலாண்டம் இட்லி மூட்டையோடு ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பால்காரன் சுவரைப் பார்த்தான். தெருவில் ஒரு சுமங்கலி எதிரே வந்தாள். எங்கே என்று ஒரு ஜீவன் கேட்கவில்லை. இத்தனை சுத்தமான புறப்பாடு அவள் ஆயுளில் அமைந்ததில்லை.

ஜகந்நாதன் மட்டும் சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. அய்யாத்துரை மறந்திருந்தால்? மனைவிக்குக் கேட்காதபடி டிரைவரின் ஜன்னல் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார்:

"பூனாதானே?"

தோண்டுவின் புருவம் உயர்ந்தது. தமிழில் ஒரு அட்சரம் அவனுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்தது இரண்டு ஊர்கள். ஒன்று பூனா, இன்னொன்று தாணே. பம்பாய் எல்லையைத் தாண்டியதும் வருகிறதே, அந்தத் தாணே. பூனா இல்லையா, தாணேயா? கேட்டுத் தெளிய வேண்டிய இடம்தான். ஆனால் கேட்கக் கூடாது. ஆகவே கேட்பதுபோல் இல்லாமல், சும்மா திருப்பிச் சொல்வதுபோல், மெல்ல முனகினான்: "தாணே…"

டிரைவருக்குத் தமிழ்கூட வருகிறதே என்று ஜகந்நாதன் பூரித்துப்போனார். "தானே, தானே!" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

பூனா போகிற ரோடு தாணே வழியாகத்தான் போகிறது. அதனால் யாருக்கும் ஒரு சந்தேகமும் எழவில்லை. தாணேயில் ஏரிக்கரை ஓரமாக ஒரு மரத்தடியில் தோண்டு வண்டியை நிறுத்தி, "தாணே ஆலே" என்று பயபக்தியோடு சொல்லிவிட்டுக் கதவைத் திறந்து பிடித்தான். தாணே வந்துவிட்டது என்று அர்த்தம்.

"என்ன சொல்றான்?"

"வண்டி தானே ஆறணும்கறான். இன்ஜின் சூடு. மலை ஏறணுமோல்லியோ" என்று ஜகந்நாதன் மொழிபெயர்த்தார்.

அகிலாண்டத்துக்கு இது நியாயமாகப் பட்டது. இட்லி மூட்டையைப் பிரித்தாள். மிளகாய்ப்பொடி தடவி டிரைவருக்கும் ஒரு இலையில் வைத்துக் கொடுத்தாள். தோண்டு சாப்பிட்டான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான், முன் சீட்டில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டான். இட்லி தின்பதற்காக விடியற்காலையில் ஏரிக்கரைக்கு வருகிறார்கள், பணக்காரர்கள் எதுதான் செய்ய மாட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இவர்கள் காத்திருந்தார்கள். ஏரியில் வெயில் ஏறியது. இன்ஜின் ஆறியிருக்குமா என்று ஜகந்நாதன் முன்பக்கத் தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அது எப்போதோ குளிர்ந்து கிடந்தது. தூங்குகிறவனை எழுப்பினால் மலைப்பாதையில் கண் அசந்துவிடுவானோ என்று வேறு கவலை. கடைசியில் அகிலாண்டம் பொறுக்காமல், "இன்னும் எத்தனை நாழி? அங்கே குழந்தை வாசலையே பாத்துண்டு நிக்கும்" என்றாள். ஜகந்நாதன் தோண்டுவைத் தட்டி எழுப்பித் தனக்குத் தெரிந்த இந்தியைப் பிரயோகித்தார்.

"சலோ!"

தோண்டு எழுந்தான். ஊர் பார்த்தாயிற்று, இட்லி தின்றாயிற்று, சலோ என்றால் வீட்டுக்குத்தான். வண்டியைத் திருப்பினான்.

"இந்தக் கோவிலை அப்பவே பாத்தோமே" என்றாள் அகிலாண்டம் கொஞ்ச தூரம் போனதும்.

"இந்தப் பக்கத்துக் கோவிலெல்லாம் ஒரே மாதிரி."

"அந்தப் புகைபோக்கியும்?"

"ஃபாக்டரியும் அப்படித்தான்" என்றார் ஜகந்நாதன். அவர் குரலில் பலம் குறைந்திருந்தது.

வண்டி குர்லாவுக்குள் நுழைந்தது. ஒர்க் ஷாப் வாசலில் அய்யாத்துரை வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். ஷெவர்லேயைக் கண்டதும் குச்சி வாயிலேயே நின்றுவிட்டது.

"என்ன சாமி, பூனாவுக்குப் போயி அதுக்குள்ளயா திரும்பிட்டிய?"

அப்புறம் நடந்தது காது கொடுத்துக் கேட்கும்படியாக இல்லை. அகிலாண்டம் அழுதாள். ஜகந்நாதன் கத்தினார். தோண்டு மராட்டியில் தன் தாயின் மேல் சத்தியம் செய்தான். நடுவில் நின்று அய்யாத்துரை இரண்டு பக்கமும் விசாரித்தார்.

"இவங்கிட்ட கடைசியா என்ன சொன்னிய சாமி?"

"பூனாதானேன்னேன்."

"அதுக்கு இவன்?"

"தானேன்னான்."

"நீங்க?"

"தானே, தானேன்னு…" ஜகந்நாதன் பாதியில் நிறுத்தினார். முகம் சுண்டிப்போயிற்று.

அய்யாத்துரைக்குச் சிரிப்பு பீறிட்டது. அகிலாண்டத்தின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, தோண்டுவின் பக்கம் திரும்பி, "பூனா, பூனா, பூனா" என்று மூன்று முறை உரக்கச் சொன்னார். "தாணே நஹி. இனிமே என்ன சந்தேகம் வந்தாலும் கேளுலே. வாயத் தெறந்து கேளு" என்று தமிழும் இந்தியுமாகக் கத்தி, வண்டியின் முதுகில் ஓர் அடி கொடுத்து அனுப்பினார்.

தோண்டு பறந்தான். பன்வேலில் ஒரு ஆட்டு மந்தைக்காக மட்டும் நின்றான். மலை ஏறும்போது வண்டி நிஜமாகவே சூடாகி நின்று புகைவிட்டது, தண்ணீர் ஊற்றி மறுபடி ஓட்டினான். வழி நெடுக ஜகந்நாதன் வாயைத் திறக்கவில்லை. பேசினால் கடைசியில் அந்தச் சனியன் பிடித்த சொல் வந்து ஒட்டிக்கொள்ளுமே என்று பயம். பெண்ணைப் பெற்று, வளர்த்து, ஒரு சொல்லால் தொலைத்துவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

பூனாவில் சம்பந்தி வீட்டு வாசலில் இறங்கியபோது ராகு காலம் பிறந்து சில நிமிஷம் ஆகியிருந்தது. அம்மிணி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. கை கால் அலம்பிண்டு சாப்பிடலாம். பெண்ணை இனிமே அனுப்பறதுக்கில்லை, ராகு காலம் பொறந்தாச்சு."

"மூணு மணிக்கு முடிஞ்சுடுமே மாமி. அதுக்கு அப்புறம்…" என்றார் ஜகந்நாதன்.

"அதுக்கு அப்புறம் கிளம்பினா மலை ரோட்டுல இருட்டிப் போயிடும். வயத்துப் பெண்ணை அஸ்தமிச்சு வெளியில கூட்டிண்டு போவாளோ? நீங்களே சொல்லுங்கோ அகிலாண்டம். உங்களுக்குத் தெரியாத சாஸ்திரமா?"

அதுதான் கொடுமை. அகிலாண்டத்துக்குத் தெரியாத சாஸ்திரம் இல்லை. அம்மிணியின் இடத்தில் அவள் இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பாள், ஒரு எழுத்துக் குறையாமல். உள்ளே கதவோரத்தில் ராஜலக்ஷ்மி, காலையிலேயே கட்டி வைத்த பெட்டியின் பக்கத்தில், தலை பின்னிப் பூ வைத்துக்கொண்டு நின்றாள். பூ வாடியிருந்தது. அழுதிருந்தாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. மாப்பிள்ளை சந்திரமௌலி ஆபீஸுக்குப் போயிருந்தார். இருந்தாலும் ஒன்றும் பேசியிருக்க மாட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தோண்டு படியேறி வந்தான். ஒரு தரம் பட்டவன், இனி வாயை மூடி வண்டி ஓட்டுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தான். அய்யாத்துரையும் கேள் என்றுதானே சொன்னார்? நிலைப்படிக்கு நேரே நின்று, தெருவே கேட்கும்படி, அகிலாண்டத்தைப் பார்த்துக் கேட்டான்:

"பாயி, கிதர் ஜானேகா?"

அம்மா, எங்கே போக வேண்டும்? வாசல்படியில், ராகு காலத்தில், புறப்படுகிற பெண்ணை எதிரே வைத்துக்கொண்டு கேட்டே விட்டான். அம்மிணி காதைப் பொத்திக்கொண்டாள். ஜகந்நாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

அகிலாண்டம் அவனைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"மாட்டுங்கா. எங்காத்துக்கு. எம் பெண்ணோட" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கினாள்.

"ராகு காலத்திலேயா?" என்று அம்மிணி அலறினாள்.

"கார்த்தால நல்ல நேரம் பாத்துத்தான் மாமி கிளம்பினோம். சுமங்கலி எதிர்ல வந்தா. எங்கேன்னு ஒருத்தர் கேக்கலை. போய்ச் சேர்ந்த ஊர் தாணே!" அகிலாண்டம் பெட்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "இப்போ வாய்விட்டுக் கேட்டிருக்கான், நானும் வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். இந்தத் தரமாவது போய்ச் சேருவோம். வாடி ராஜி."

ராஜலக்ஷ்மி மாமியார் காலில் விழுந்து நமஸ்கரித்தாள். எழுந்திருக்க முடியாமல் திணறியவளை அம்மிணிதான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். தூக்கியவள் கையை உடனே விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, காரின் பின் சீட்டில் மருமகளின் இடுப்புக்கு அண்டக் கொடுத்தாள்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்கோ" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

கதவுகளைச் சாத்தியாயிற்று. அகிலாண்டம் பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜகந்நாதனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவர் தோண்டுவின் பக்கம் குனிந்தார்.

"மாட்டுங்கா தா…"

பின்னாலிருந்து நீண்ட அகிலாண்டத்தின் கை அவர் வாயைப் பொத்தியது.