கொண்டி போடாத கதவு

மூன்று மாதமாக மழை எட்டிப் பார்க்கவில்லை. மேய்ச்சல் நிலம் மொட்டையாகக் கிடந்தது. மாட்டுக்காரியின் இருபத்தாறு மாடுகளுக்கும் விலா எலும்பைத் தூரத்திலிருந்தே எண்ணலாம். மேய்ச்சல் நிலம் காய்ந்துபோனவர்களுக்கு அரசாங்கம் நிவாரணம் தருவதாகச் சொல்லியிருந்தது. கிடைத்தால் வைக்கோல் வாங்கி மழை வரை ஓட்டலாம். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை கசாப்புக்காரனின் லாரி வந்துவிடும்.

பார்வையிட வந்த ஆய்வாளர் நல்ல மனிதர்தான், வயிற்றெரிச்சலே அதுதான்! காய்ந்த நிலத்தைப் பார்த்து உச்சுக் கொட்டியவர், கம்பி வேலிக்குள் முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்ற சோளத்தைக் கண்டதும் பேனாவை மூடிவிட்டார்.

"என்னம்மா, இவ்வளவு பச்சையை வச்சுக்கிட்டு மேய்ச்சல் இல்லைங்கறீங்க?"

"ஐயோ சார், அது அறுத்த கட்டையில மறுபடி துளிர்த்தது. தண்ணியில்லாம வாடின துளிரு, விஷம் சார். மாடு நாலு வாய் தின்னா நின்ன இடத்துல விழுந்துடும்."

"சோளம் விஷமா? யாருக்கும்மா காது குத்தறீங்க?"

"நம்பலைன்னா நீங்க ரெண்டு வாய் தின்னு பாருங்களேன்," என்றான் அவள் தம்பி. அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அக்கா முறைத்த முறைப்பில் அடங்கிப்போனான்.

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு தட்டை பறிச்சுச் சோதனைக்கு அனுப்பறேன். விஷம்னு வந்தா நானே எழுதித் தரேன், போதுமா?"

அவரே வேலிக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பறித்துக்கொண்டு வந்தார்.

மாடு வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. திறந்தவர்தான் மூடிக் கொண்டி போட வேண்டும். ஒருவர் மூடிய கதவை இன்னொருவர் போய் இழுத்துப் பார்த்தால் முகத்தில் அறைந்த மாதிரி. அதுவும் நிவாரணம் எழுதப் போகிற மனிதரின் பின்னாலேயே போய்ப் பார்ப்பதா? அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரை வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.

மாடுகள் இருபத்தாறு என்று அவர் படிவத்தில் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி அலறினான்.

"அக்கா! மாடு உள்ள பூந்துடுச்சு!"

ஓடினாள். தண்ணீர்த் தொட்டியருகே நின்றிருந்த மாடுகளில் பாதி சோளத்துக்குள் நின்றன. எத்தனை நாள் பசி! அடிக்க அடிக்கத் தின்றன. முதலில் வெள்ளச்சிப் பசுவுக்கு உடம்பு நடுங்கியது. வாயில் நுரை தள்ள, நான்கு காலும் ஒன்றாக மடங்கியது. பக்கத்திலேயே அதன் கிடாரி விழுந்தது. பிறகு இன்னொன்று. அடப்பாவி தெய்வமே, அரைமணி நேரம்கூட ஆகவில்லை! தம்பி அடித்து விரட்டியவை போக, மற்றவையெல்லாம் தரையில் கிடந்தன. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"நான் சாத்தினேனேம்மா," என்றார் ஆய்வாளர். அவர் பையிலிருந்து சோளத்தட்டை நீட்டிக்கொண்டிருந்தது.

"சாத்தினீங்க. கொண்டி போடலை," என்றான் தம்பி.

"சோதனையெல்லாம் வேணாம். மேய்ச்சல் இல்லைன்னு இப்பவே எழுதிடறேன்." படிவத்தைப் பிரித்தவர் தயங்கினார். கண் கலங்கியிருந்தது. "எண்ணிக்கையை மாத்தணும்மா. உயிரோட இருக்கறதுக்குத்தான் குடுப்பாங்க. இப்ப எத்தனை?"

அவள் வேலிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"நீங்களே எண்ணுங்க சார்."

அவர் தலை குனிந்தபடி வேலிக்குள் போனார். இரண்டடி வைத்தவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, கதவை மூடிக் கொண்டியைப் போட்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் அவள் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.