பூஜையில் வைத்த கம்ப்யூட்டர்

திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டி வைத்து போர்வெல் போடும் குடும்பங்களுக்கு ஆயுத பூஜைதான் பெரிய நோம்பி. தீபாவளியெல்லாம் அதற்குப் பிறகுதான். சின்னண்ணன் பட்டறையிலும் காலையிலேயே பூஜை முடிந்துவிட்டது. வாசலில் பூசணிக்காய் உடைத்து, டெம்போ சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரிகடலை கொடுத்து ஆட்களை அனுப்பியாயிற்று. துளையிடும் பிட், ஹேமர், ஸ்பேனர், வெல்டிங் மெஷின் எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றுக்கு நடுவே கல்யாண மாப்பிள்ளை போல மாலை போட்டுக்கொண்டு ஆபீஸ் கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருந்தது.

அதன் முன்னால் மருமகள் யுவஸ்ரீ போனும் கையுமாக நின்றாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்று வைக்கும் தேர்வின் கேள்வி மத்தியானம் அந்தப் போனுக்கு வந்திருந்தது. குளிர்பதனக் கிடங்குகளின் வெப்பப் பதிவுகளில் கோளாறானவற்றைப் பிரித்தெடுக்க ஒரு புரோகிராம் எழுத வேண்டும். மாலை ஐந்துக்குள் அனுப்பிவிட வேண்டும். தேறினால் வீட்டிலிருந்தே வேலை. கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில் பார்த்து, கல்யாணத்தோடு விட்டுவந்த அதே வேலை. "எங்களுக்குப் பண்டிகை, தேதி மாற்ற முடியுமா?" என்று கேட்டதற்கு, அடுத்த தேர்வு எப்போது என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது.

அவளுக்கென்று ஒரு லேப்டாப் இருக்கத்தான் செய்தது. நாத்தனார் மகள் பிரீத்தி கல்லூரிக்குப் போகிறாள் என்று ஆனி மாதத்தில் அதை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். "உனக்குத்தான் ஆபீஸ்ல பெருசா ஒண்ணு இருக்குதல்லொ?" என்று மாமியார் சென்னியம்மாள் கேட்டார். அந்தப் பெருசு இப்போது பூஜையில் இருந்தது.

"அத்தை, இத நான் எடுத்துக்கறேனுங்க. அஞ்சு மணிக்கு மறுபடி வெச்சர்றேன்."

சென்னியம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பாதிப் பதில் இருந்தது. "சாமிகிட்ட வெச்சத நாளைக்கு மறுபூஜை போட்டுத்தான் தொடோணும். இது தெரியாமயா ரண்டு வருசமா இந்த ஊட்டுல இருக்கறெ?"

"தெரியுமுங்க. எனக்கு இன்னைக்குத்தான் பரீட்சை."

"பரீட்சை நாளைக்கும் இருக்கும் சாமி. போயி சாப்புடு."

நாளைக்கு இருக்காது என்று யுவஸ்ரீ சொல்ல வாயெடுத்தபோது சின்னண்ணனின் போன் அலறியது. கெங்கவல்லிப் பக்கம் முந்தின நாள் ஆரம்பித்த போர்வெல்லில் ரிக் வண்டியோடு நின்றிருந்த அவள் கணவன் நவநீதகிருஷ்ணன் பேசினான். துளைக்குள் இறக்கிய ராடு அறுந்து விழுந்துவிட்டதாம், மண் சரிந்து மூடினால் ராடு, ஹேமர் எல்லாம் பூமிக்குள்ளேயே போய்விடுமாம். விழுந்ததைக் கவ்வி மேலே இழுக்கிற கருவி பட்டறையில்தான் இருக்கிறது.

சின்னண்ணன் வேட்டியை மடித்துக் கட்டினார். பூஜை வரிசைக்குள் குனிந்து, அந்தக் கருவியைத் தூக்கி, சந்தனத்தைத் துண்டால் ஒரே இழுப்பில் துடைத்து, டெம்போவில் ஏற்றிவிட்டார். எந்தச் சாமியையும் கேட்கவில்லை. சென்னியம்மாள்கூட, "பாத்து ஏத்துங்க, கால்ல போட்டுக்காதீங்க" என்றுதான் சொன்னார்.

டிரைவர் ஓட்டிப்போன டெம்போ தெருமுனை திரும்பியதும் யுவஸ்ரீ கம்ப்யூட்டர் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி சாமி படத்தின் மேல் போட்டாள்.

"ஏய், என்ன பண்றெ?" என்றார் சென்னியம்மாள்.

"தொழிலுக்கு அவசரம்னா எடுக்கலாம்னு இப்பத்தான் மாமா எடுத்தாங்க. எனக்கும் தொழிலுக்கு அவசரமுங்க."

"அது வேற, இது வேற" என்றார் சின்னண்ணன்.

"என்னுங்க மாமா வேற? அங்க ராடு உள்ள போயிருச்சு. இங்க நான் உள்ள போயிக்கிட்டிருக்கறேன்."

யாராவது கைகொடுப்பார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சிபியூவை இடுப்பில் குழந்தை வைப்பது போல் வைத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனாள். மறுநடையில் திரையைத் தூக்கிப்போனாள்.

வயர்களைச் சொருகப் பார்த்தால் ஓட்டைகளைக் காணோம். கண் இருக்கிற இடத்திலெல்லாம் பொட்டு வைக்க வேண்டும் என்று சென்னியம்மாள் பின்பக்கத்து யூஎஸ்பி துவாரங்களிலும் ஒன்று விடாமல் சந்தனம் அப்பியிருந்தார். அது காய்ந்து சிமென்ட் பூச்சாகிவிட்டிருந்தது. யுவஸ்ரீ விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு துவாரங்களை மட்டும் சுரண்டி எடுத்தாள். கீபோர்டுக்கு ஒன்று, மவுஸுக்கு ஒன்று போதும்.

திரை ஒளிர்ந்தது. முந்தாநாள் அவள் போட்டு வைத்த, புரோகிராம் எழுதும் எடிட்டரைக் காணவில்லை. எழுதியதை ஓட்டும் பைத்தானையும் காணவில்லை. பில் போடும் சாஃப்ட்வேர் மட்டும் சுத்தமாக, தனியாக இருந்தது.

சரவணக்குமாருக்குப் போன் போட்டாள். பட்டறைக் கம்ப்யூட்டருக்கு அவன்தான் சர்வீஸ் ஆள். போனுக்குள் காற்றும் பாட்டுமாக இருந்தது. நண்பர்களோடு ஏற்காட்டில் இருந்தான்.

"அக்கா, பூஜைக்குச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. வெளிய தூசி தட்டுனேன். உள்ளயும் தேவையில்லாததையெல்லாம் எடுத்துட்டனுங்க."

"அது தேவையில்லாததுன்னு யார் சொன்னது?"

"பில் போடற சிஸ்டத்துல அது எதுக்குங்க? வைரஸ் கிய்ரஸ் வந்தா என்னையல்ல கேப்பாங்க. இனி உங்க லாகின்ல எதுவும் இன்ஸ்டால் ஆவாதுங்க, அட்மின் பாஸ்வேர்டு போட்டுட்டேன்."

"அந்தப் பாஸ்வேர்டச் சொல்லுங்க."

"அது ஓனர் சொல்லோணுங்க அக்கா. அமாவாசை கழிச்சு வாரேன், பொறுமையாப் பேசிக்கலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். யுவஸ்ரீ போனை வைத்தாள்.

போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து எடிட்டரை இறக்கினாள். அவசரத்தில் இறக்கியது மெஷினில் உள்ள எல்லோருக்குமாகச் சேர்த்துப் போடும் வகை. பாதியிலேயே நின்று, நிர்வாகியின் கடவுச்சொல் என்ன என்று கேட்டது. அவள் ரத்து செய்துவிட்டு இன்னொன்றை இறக்கினாள். அது ஒரு ஆளுக்கு மட்டுமான வகை. மெஷினின் பொதுவான இடத்தில் கை வைக்காது, அவரவர் கணக்கின் சொந்த அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யாருடைய கடவுச்சொல்லும் அதற்கு வேண்டாம். பைத்தானையும் அப்படியே போட்டாள். இந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் தனக்கென்று வைத்துக்கொண்ட முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

எடிட்டர் திறந்ததும் தன் பழைய கணக்கில் நுழைந்தாள். கோயம்புத்தூரில் வைத்திருந்த அமைப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. கறுப்புப் பின்னணி, கண்ணை உறுத்தாத பெரிய எழுத்து, அவள் கைக்குப் பழகிய குறுக்குவிசைகள், தவறான வரியில் சிவப்பாக நெளியும் கோடு. பிறந்த வீட்டுப் பாத்திரங்களை யாரோ வண்டியில் ஏற்றி வந்து அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. அழுகை வரப்பார்த்தது. அதற்கெல்லாம் நேரமில்லை.

அதன் பிறகு விரல்கள்தான் பேசின. நடுவில் சென்னியம்மாள் கதவோரம் வந்து நின்றார்.

"சோறாவது தின்னியா?"

"அஞ்சுக்கு மேலுங்க அத்தை."

"சாமி குத்தமாயிருச்சுன்னா நான் சொல்லலைன்னு சொல்லாதெ."

"சொல்ல மாட்டனுங்க. குத்தம் எம்பேர்லயே இருக்கட்டும்."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் பொரிகடலை மட்டும் மேஜை ஓரத்துக்கு வந்தது.

புரோகிராம் ஓடியது. ஒரு கிடங்கின் பதிவில் மட்டும் விடை தப்பியது. எங்கே தப்புகிறது என்று அவள் வரி வரியாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அவள் கை மவுஸில் இல்லை. அம்புக்குறி நிதானமாகக் கீழே போய், அமைப்புகளைத் திறந்து, சாஃப்ட்வேர்களின் வரிசையில் எடிட்டரைத் தேடியது. ஏற்காட்டில் இருந்துகொண்டே சரவணக்குமார் உள்ளே வந்துவிட்டிருந்தான். எங்கிருந்தாலும் பட்டறை மெஷினைப் பார்க்க அவன் போட்டு வைத்த வழி அது.

எடிட்டரை நீக்கவா என்று மெஷின் கேட்டது. யுவஸ்ரீ மவுஸைப் பிடுங்குவது போல் பிடித்து 'வேண்டாம்' என்று அழுத்தினாள். அம்புக்குறி மறுபடி அங்கேயே போனது. ஒரே மவுஸை இருவர் பிடித்து இழுப்பது போல் அது திரையில் துள்ளியது. அவள் அதோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டுத் திரை மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அடையாளத்தைத் தேடினாள். அவன் உள்ளே வரும் வாசல் அதுதான். அதில் வலது பக்கம் அழுத்தி, 'வெளியேறு' என்று கொடுத்தாள்.

அம்புக்குறி அடங்கியது.

"போடா டேய்" என்றாள் வெறும் திரையைப் பார்த்து.

தப்பு எங்கே என்று அதற்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு கிடங்கில் வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே போனால் புரோகிராம் அதை வெற்றிடம் என்று தள்ளிவிட்டிருந்தது. திருத்தினாள், ஓட்டினாள், எல்லாக் கிடங்கும் சரியாக வந்தது. ஐந்தடிக்கக் கொஞ்சம் இருக்கும்போது அனுப்பினாள். பெற்றுக்கொண்டோம், திங்கட்கிழமை பேசுவோம் என்று உடனே பதில் வந்தது. நாற்காலியில் சாய்ந்து ஒரு கை பொரியை அள்ளி வாயில் போட்டாள்.

சின்னண்ணன் போனை நீட்டியபடி உள்ளே வந்தார். "சரவணன். நீ என்னமோ அவனை வெளிய தள்ளிப் பூட்டிட்டியாமா? மெஷினு உன்ற கைல போச்சுங்கறான்."

யுவஸ்ரீ போனை வாங்கினாள். "நாளைக்கு மறுபூஜைக்கு வாங்க. வாரப்ப அட்மின் பாஸ்வேர்டு எனக்குக் குடுத்துட்டுப் போங்க."

"அக்கா, நான்தான் சொன்னனே, ஓனர் சொல்லோணுங்க."

அவள் மாமனாரைப் பார்த்தாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், ஈர்க்கோடு ஒட்டிக்கிடந்த காய்ந்த சந்தனத்தைப் பார்த்தார், கெங்கவல்லியிலிருந்து போன் வருமோ என்று தன் வெறுங்கையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"ஓனர் பக்கத்துலதான் நிக்கறாருங்க" என்றாள் யுவஸ்ரீ போனில். "வேண்டாம்னு சொல்லல. காலைல வெள்ளெனவே வந்துருங்க."