ஆறு ஏரிக்கும் ஒரே வலை

...வாத்தாம், வாத்து, எப்படிப் பிடித்துக்கொண்டாள் இந்த வாத்தை, நுண்ணோக்கியில் வைத்த கண்ணை எடுக்காமலே அவர் யோசித்தார், எடுத்தால் மருமகளின் முகத்தைப் பார்க்க வேண்டும், எதிர்மேசையில் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரமாகக் காத்திருக்கிறாள், மாமனார் சரி என்றால் இன்றே இதழுக்கு அனுப்பிவிடுவாள். இடுப்பு கடுத்தது, எழுபத்திரண்டு வயதில் இந்த முக்காலியில் நிமிர்ந்து உட்காருவதே ஒரு வேலை... கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ஏரித் தண்ணீர், அதற்குள் அது, ஒரே ஒரு செல், உடம்பெல்லாம் மெல்லிய இழை, முட்டிக்கொண்டு திரும்புகிறது, மறுபடி முட்டுகிறது, உனக்காவது அலுக்கவில்லையா? இதற்குத்தான் அப்பாவின் பெயர். மலைமேல் ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லை என்று அப்பா எழுதினார், சக ஆய்வாளர்கள் அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள், மூன்று தலைமுறையாக வீடே அந்தப் பெயரைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்து நடக்கிறது. இப்போது கீழே உள்ள ஆறு ஏரிகளிலும் இருக்கிறதாம். "மேல ஏரியில முப்பத்தொரு விதம் மாமா, ஒவ்வொண்ணுக்கும் மரபணு கொஞ்சம் கொஞ்சம் வேற, ரொம்பக் காலமா அங்கயே இருந்திருக்கு. கீழ ஆறுலயும் ஒரே விதம்தான், அச்சடிச்ச மாதிரி. யாரோ மொண்டுட்டுப் போய் ஊத்தினாப்ல இருக்கு" என்று காலையில் சொன்னாள். யாரோ. அந்த ஒரு சொல்லுக்குத் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நல்லவேளை, சல்லடைக்காரர் குறுக்கே புகுந்தார், ஆய்வுக்கூட உதவியாளரை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், "வாத்துக்கு டிக்கெட்டா வேணும்? கால்ல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கும்மா" என்று சிரித்தார், அவளும் வாத்து என்றே எழுதிவிட்டாள்.

எழுதட்டும், வாத்தா வந்து மறுக்கப் போகிறது? ஆனால் அடுத்த வரி... 'முதல் ஆய்வாளர் மற்ற ஏரிகளைக் கவனமாகத் தேடவில்லை எனத் தெரிகிறது.' யார், அப்பாவா? ஒரு சொட்டை நாலு தடவை பார்க்கிற மனிதர், முதல் வருஷம் ஆறு ஏரியையும் அவரே அலசினார், இல்லை என்றால் இல்லைதான். மறுவருஷம் முழங்கால் மடங்க மறுத்தது, மகனை, இவரைத்தான், அனுப்பினார், ஒரு ஏரி முடிந்ததும் வலையைக் கொதிநீரில் போடு, இரண்டு நாள் வெயிலில் காயவிடு, அப்புறம்தான் அடுத்தது என்றார். இரண்டு வாரத்து வேலை. கல்யாணமாகி ஒரு மாதம் ஆனவனுக்கு இரண்டு வாரமா? காலையில் மேல் ஏரியில் முக்கியெடுத்த வலையோடு சொட்டச் சொட்டக் கீழே இறங்கினான், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறும் ஒரே நாளில், கடைசிப் பேருந்தையும் பிடித்துவிட்டான்... அந்தப் புட்டிகளில் அது கண்ணில் படவில்லை, அன்றுதானே போய் விழுந்தது, ஒன்றோ இரண்டோ, எங்கே அகப்படும்? இரண்டு வருஷமும் இல்லை என்று அச்சேறியது. இல்லை என்று பார்க்கப் போனவனே விதைத்துவிட்டு வந்திருக்கிறான். இதைச் சொன்னால் அப்பா தப்பிப்பார், இவர் பெயர் போகும், சொல்லாவிட்டால் அப்பா பெயர் போகும். நாற்பத்தாறு வருஷம் சுமந்தாயிற்று, தோள் விட்டுப் போயிற்று... போதும்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா."

"அந்த வரி உங்களுக்கு வலிக்கும்னு தெரியும். நீங்க கூட இருந்தவங்க, சொல்லுங்க, தாத்தா நல்லாத்தான் தேடினாரா?"

"தேடினார். வாத்தும் இல்லம்மா... வலை."

"எந்த வலை?"

அவர் கண்ணை எடுத்தார். ஏரிக்கு ஒரு வலையாக எடுத்துப் போனேன், அதுதான் ஒரே நாளில் முடிந்தது, கல்லூரி அலமாரியிலிருந்து வாங்கினேன் என்று அன்று அப்பாவிடம் சொன்ன பொய் அப்படியே நாக்கு நுனிக்கு வந்தது, அப்பா நம்பினாரே, தலையாட்டிவிட்டு மறுபேச்சில்லாமல் எழுத உட்கார்ந்தாரே... அலமாரியிலிருந்தா? அந்த அலமாரிக்கு ஒரே சாவிதானே, அது எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில்தானே இருந்தது? அப்படியானால் அப்பாவுக்கு அன்றே தெரியுமா?

"சொல்லுங்க மாமா," என்றாள் மருமகள், அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு.