பருத்திப்பட்டு ஏரியில் விரால் பிடித்த படலம்

1988ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம் 23ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இரவெல்லாம் கொட்டிய ஐப்பசி மழை விடியற்காலையில் ஓய்ந்திருந்தது. ஆயினும் வானம் மூடியே கிடந்தது. வாடைக்காற்று மெல்ல வீசியது. ஏரி கரைதொட்டு நிறைந்திருந்தது. விரால் பிடிப்பதற்கு இதனினும் சிறந்த நாள் வாய்க்காது என்று அறிந்தோர் கூறுவர். இராமகிருஷ்ணனோ மழை மீண்டும் கொட்டாதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆவடியில் படைத்தளவாடத் தொழிற்சாலையொன்றில் அவன் அளவு சோதிப்பவன். தருமபுரிப் பக்கத்து வறண்ட ஊரிலே பிறந்து, கிணற்று மீனைக்கூடக் கையால் தொட்டறியாதவன். ஆறு வாரங்களுக்கு முன்னர், மனைவி வனஜா, "எங்கப்பா மாதிரி விரால் புடிக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆளே இல்ல" என்று பெருமை பேசியபோது, "அது என்ன பெரிய வித்தை? நான் பிடிக்கிறேன் பார்" என்று வாயை விட்டான். மறுநாளே ஒரு தூண்டிலுடன் ஏரிக்குச் சென்றான். மூன்று மணி நேரத்தில் அவனுக்கு அகப்பட்டது ஒரு நத்தை மட்டுமே. வெறுங்கையுடன் வீடு திரும்ப மானம் இடங்கொடாமையால், கடைத்தெருவில் மீன் விற்கும் கன்னியம்மாவிடம் ஒரு விராலை வாங்கி, ஏரியில் பிடித்ததாகக் கூறிக் குவார்ட்டர்ஸுக்குள் கம்பீரமாக நுழைந்தான். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அவ்வாறே நடந்தது. ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு வீரக்கதையும் பிறந்தது.

இப்போது மாமனார் வீராசாமி திருநின்றவூரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டார், மருமகனின் கைத்திறனைக் கண்ணாரக் காண்பதற்கு! மீன் சிக்காவிடில் ஆறு வாரப் பொய்யும் அம்பலமாகும்; வனஜாவின் முகத்தில் இனி எவ்வாறு விழிப்பது? இக்கவலையால் முந்தைய மாலையே அவன் கன்னியம்மாவிடம் ஓடியிருந்தான்.

"இன்னா அண்ணாத்தே, நாளைக்கும் மீனு வேணுமா? எடுத்து வெக்கட்டுமா?"

"மீன் வேணாம்மா. பிடிக்கிறது எப்படின்னு சொல்லு."

கன்னியம்மா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், அலுமினிய அண்டாவுக்குள் கிடந்த விரால்களே ஒருமுறை துள்ளின. சிரித்து ஓய்ந்தபின், தான் சிறுமியாய் இருந்தபோதே கற்ற நுணுக்கங்களை அவள் எடுத்துரைத்தாள்.

"கேட்டுக்கோ. ஒன் நெழலு தண்ணி மேல வுழக்கூடாது. தூண்டி முள்ளுல தவளைய தொடையில குத்து, அது உசுரோட நீஞ்சணும். நடு ஏரில போடாத. கோரை ஓரமா, தாமரை எல ஓரமா போடு. வெரால் மேல வந்து மூச்சு வுட்டுட்டுப் போவும், அங்க கொமுளி வரும். அங்கதான் அது கீது."

"கடிச்ச உடனே இழுத்துடணுமா?"

"அய்ய! அங்கதான் எல்லாரும் கோட்ட வுடுறது. அது மொதல்ல வாயிலதான் கவ்விகினு போவும், முழுங்காது. போவ வுடு. தூண்டி நரம்பத் தளத்தி வுடு. பத்து எண்ணு. அப்புறம் இழு."

இவை அனைத்தையும் இராமகிருஷ்ணன் சட்டைப்பைக் குறிப்பேட்டில் வரிசையெண் இட்டு எழுதிக்கொண்டான். இரவில் மும்முறை படித்து மனப்பாடமும் செய்தான்.

ஆனால், மனம் கற்றதைக் கை கற்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கோரைப்புதர் ஓரத்தில் அவன் அமர்ந்தபோது, நிழல் விழலாகாது என்னும் விதியை எண்ணி, மூக்கு முழங்காலைத் தொடுமளவு குனிந்தான்.

"இன்னா மாப்ளே, எதுனா தொலைச்சிட்டீங்களா?" என்றார் வீராசாமி. கரையில் துண்டை விரித்து, வெற்றிலை மென்றவாறு அவர் வீற்றிருந்தார்.

"இல்ல மாமா. நம்ம நிழல் மீன் மேல விழக்கூடாது பாருங்க."

"வெயிலே இல்லியே மாப்ளே! நெழலு எங்கேர்ந்து வரும்?"

எட்டரைக்குத் தூண்டிலில் கட்டிய மிதப்புத் தக்கை முங்கியது. இராமகிருஷ்ணன் மூங்கிற்கழியை வெடுக்கென்று இழுத்தான். வெறும் முள் வானில் பறந்து வந்து அவனுடைய காதருகே ஆடியது. ஒன்பதேகாலுக்கு மீண்டும் முங்கியது, மீண்டும் இழுத்தான், பாதித் தவளை திரும்பி வந்தது. 'பத்து எண்ணு, பத்து எண்ணு' என்று உதடு முணுமுணுத்தாலும், தக்கை அசைந்த கணமே கை தன்னிச்சையாகத் தாவியது. பத்து மணிக்குள் நான்கு தவளைகள் வீணாயின.

"மாப்ளே, வாரா வாரம் இப்டித்தான் புடிச்சீங்களா? இது மீன் புடிக்கிற மாரி இல்லியே, துணி தொவைக்கிற மாரி கீது!"

"இன்னிக்கு மீனுக்கு ஏதோ உடம்பு சரியில்ல மாமா."

"ஆமாமா. தவள தின்னு தின்னு அஜீரணமா பூட்ருக்கும்."

பதினொன்றேகால் மணியளவில் வனஜாவும் இட்லித் தூக்குடன் கரைக்கு வந்து சேர்ந்தாள். "எங்கங்க மீன்?" என்று அவள் கேட்டாள். இராமகிருஷ்ணன் தவளைகள் இருந்த டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தான். எஞ்சியிருந்தது ஒரே ஒரு தவளை. தாமரை இலை ஓரத்தில் குமிழிகள் எழுந்த இடத்தைக் குறிபார்த்து அதனை இறக்கினான்.

'டப்' என்றோர் ஓசை கேட்டது. தக்கை மறைந்தது. கழி வில்லாய் வளைந்தது. இழுப்பதற்காக அவன் இரு கைகளையும் இறுக்கினான்.

அக்கணத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது! ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் பார்ப்போருக்கான பதினொன்றரை மணிச் சாப்பாட்டுச் சங்கு அது. சங்கு ஊதினால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது ஒன்பதாண்டுக் காலம் அவன் எலும்பில் ஏறிய பழக்கம். அறிவு விழிக்குமுன் விரல்கள் விரிந்தன. கழி கைநழுவி ஏரிக்குள் பாய்ந்தது. நீரைக் கிழித்துக்கொண்டு படகுபோல ஓடியது.

"ஐயோ, தூண்டில் போவுதுங்க!" என்று வனஜா அலறினாள்.

இராமகிருஷ்ணன் விரித்த கைகளுடன் சிலையாய் நின்றான். கழியோ தாமரைக் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வலப்புறம் திரும்பி, சிறிது தூரம் சென்று அசைவற்று நின்றது. வீராசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"முழுங்கிடுச்சி! மாப்ளே, முழுங்கிடுச்சி! எறங்குங்க!"

அவன் வேட்டியை மடித்துக் கட்டவும் மறந்து நீரில் குதித்தான். மார்பளவு நீரில், காலில் கொடி சிக்க, கழியை எட்டிப் பிடித்து இழுத்தான். மறுமுனையில் ஏதோ ஒன்று அவனைத் திருப்பி இழுத்தது. இருவரும் இழுத்தனர். அவன் விழுந்தான், எழுந்தான், ஒரு மிடறு ஏரியைக் குடித்தான், இறுதியில், கரிய முதுகும் வெளிர்வயிறுமாய்த் துள்ளிய பெரும் விரால் ஒன்றைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்துக் கரையேறினான். அது வாலால் அவன் கன்னத்தில் இருமுறை அறைந்தது. அவனுக்கு அது முத்தமாகவே பட்டது. தலைகால் புரியாத மகிழ்ச்சியில் கரையெங்கும் குதித்துக்கொண்டு அவன் கூவினான்:

"வனஜா! பிடிச்சிட்டேன்! என் வாழ்க்கையிலேயே முதல் மீன்! முதல் மீன்!"

கூவிய பின்னரே, தான் கூவியது யாதென்று அவன் காதில் விழுந்தது. குதித்துக்கொண்டிருந்த ஒரு கால் அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

வீராசாமி மகளைப் பார்த்தார். வனஜா வானத்தைப் பார்த்தாள். பிறகு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் அமர்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆயிற்று.

"உனக்கு... தெரியுமா?" என்றான் அவன், மீனை விடாமல்.

"மொத வாரமே சந்தேகம்தாங்க. ரெண்டாவது வாரம் தெரிஞ்சிபோச்சி. ஆறு வாரம், ஆறு மீனு, ஆறும் ஒரே நீளம்! சட்டியில வாலு மடங்காம அளவா படுத்துது. எங்க ஊட்டுச் சட்டிக்கு அளவெடுத்து ஏரில மீன் வளருமா?"

அளவு சோதிப்பவனின் கண், கடையிலும் தன் வேலையை விட்டுவிடவில்லை என்பதை அப்போதுதான் அவன் உணர்ந்தான்.

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா கதை நின்னுடுமே! போன வாரம் மீன் உங்கள ஏரிக்குள்ளவே இழுத்துகினு போச்சின்னீங்க. சட்டை மட்டும் மொறமொறன்னு காஞ்சிகினு இருந்திச்சி. இந்தக் கதைய எங்கப்பாவும் கேக்கட்டும்னு நான்தான் லெட்டர் போட்டு வரச் சொன்னேன்."

"அடிப்பாவி!" என்று இராமகிருஷ்ணன் கூவினான். சினம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கும் சிரிப்பே வந்தது. விரால் அந்நேரம் பார்த்து நழுவ, மூவரும் கூச்சலிட்டுப் புல்லில் விழுந்து அதைப் பிடித்தனர்.

வீராசாமி மீனைத் தூக்கி எடை பார்த்தார். "மாப்ளே, பொய் சொன்னது போவட்டும். கழியவே ஏரிக்குள்ள வுட்டுட்டு வெரால் புடிச்ச ஆம்பளைய நான் இன்னிக்குத்தான் பாக்குறேன். எனக்கே இந்த தைரியம் வராது. யார் சொல்லித் தந்தது?"

ஒரு புதிய கதை இராமகிருஷ்ணனின் நாக்கு நுனிவரை வந்தது. வனஜா ஆவலோடு காதைத் தீட்டிக்கொண்டாள்.

"சங்கு ஊதிச்சு மாமா. கை தானா விட்டுடுச்சு" என்றான் அவன்.

மாமனார் சிரித்த சிரிப்பில் எதிர்க்கரைக் கொக்குகள் பறந்தன. அந்த மீன் சட்டியில் அடங்கவில்லை; தலையை ஒரு சட்டியிலும் நடுத்துண்டுகளை மற்றொன்றிலும் இட்டு, வாலுக்குப் பக்கத்து வீட்டுப் பத்மாவிடம் சட்டி இரவல் வாங்க நேர்ந்தது. மூன்று சட்டிகளும் வழித்தெடுக்கப்பட்டு, மாமனார் இலையை மடித்து எழுந்தபோது மணி பிற்பகல் இரண்டு பதினேழு.