ஐந்து நட்சத்திரத்துக்கு ஒரு நன்றி

அக்கா தங்கை இருவரில், வைஃபை ஆப் ஒன்றுக்கு வருகிற விமர்சனங்களுக்குப் பதில் போடுவதுதான் தங்கைக்காரியின் வேலை. வீட்டு நெட்டின் பாஸ்வேர்டை மாற்ற, எந்தெந்த போன் இணைந்திருக்கிறது என்று பார்க்க, பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் நெட்டை நிறுத்திவைக்க என ஏழெட்டு பட்டன்கள் கொண்ட ஆப். தினமும் இருநூறு பேர் எழுதுவார்கள். பாஸ்வேர்டைத் தானே மறந்துவிட்டு, ஆப் செய்தவனின் பரம்பரையையே இழுப்பவர்களும் உண்டு. திட்டு அவளுக்குப் பழகிவிட்டது. பழகாதது பாராட்டுதான்.

"மாடியில குடியிருக்கிறவங்க எதிர்த்துப் பேசினா ரெண்டு நாள் நெட்டை நிறுத்திடுவேன். அருமையான ஆப்." "மருமக எத்தனை மணிவரைக்கும் முழிச்சிருக்கான்னு இப்ப எனக்குத் தெரியும். அஞ்சு நட்சத்திரம்."

இதற்கெல்லாம் மேனேஜர் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தார்: 'நன்றி! உங்கள் வீட்டின் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.' அதை ஒட்டிவிட்டு, எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவாள். நாளாக ஆக, படிப்பதையே விட்டுவிட்டாள். நட்சத்திரத்தை எண்ணுவாள், ஒட்டுவாள்.

அந்தப் புதன்கிழமை மதியம், டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அக்கா போன் செய்தாள். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதிலிருந்து, எட்டு வருஷம் முன்பு விட்ட கணக்கர் வேலைக்கு அக்கா மறுபடி முயன்றுகொண்டிருந்தாள்.

"நேத்து பதினொரு மணிக்கு வீடியோவுல இன்டர்வியூடி. நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. மூணாவது கேள்வியில நெட் போயிடுச்சு. திரும்ப வர்றதுக்குள்ள வேற ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"போன் நெட்டுல பேசியிருக்கலாமே?"

"வீட்லதான் வைஃபை இருக்கே, உனக்கெதுக்குத் தனியான்னு உங்க அத்தான் போன மாசமே நிறுத்திட்டார். உங்க ஆப்தானே, என்னாச்சுன்னு பாரேன்."

தங்கை பார்த்தாள். அந்த நேரத்தில் எங்கேயும் நெட் போனதாக ஒரு புகாரும் இல்லை. தேடிக்கொண்டே வந்தவளின் விரல் ஓர் ஐந்து நட்சத்திரத்தில் நின்றது.

"எனக்குச் சொல்லாம பொண்டாட்டி வீடியோவுல இன்டர்வியூ குடுத்தா. அவ மெயில்ல முன்னாடியே பார்த்துட்டேன். ஆபீஸ்ல இருந்தபடியே ஒரு தட்டு, கட்! இன்னும் நெட் கம்பெனியைத்தான் திட்டிட்டிருக்கா, பாவம். அவ போனுக்கு இதுல 'அடுப்படி'ன்னு பேர் வெச்சிருக்கேன். சூப்பர் ஆப்."

பக்கத்தில் நகத்தளவு படம். கூலிங்கிளாஸும் பைக்குமாக அத்தான். அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தவளே இவள்தான். கீழே, அன்று காலை அவளே ஒட்டிய நன்றி.

சோற்றைத் தொட முடியவில்லை. டிபன் பாக்ஸை மூடினாள். நேராக மேனேஜரிடம் போய், அந்தப் பதிலை எடுத்துவிடலாமா என்று கேட்டாள்.

அவர் அடையாள அட்டையின் முனையால் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அஞ்சு நட்சத்திரம்மா அது. இந்த வாரத்தோட சிறந்த விமர்சனம்னு மேலிடத்துக்கே அனுப்பியிருக்கேன். பட்டனைக் குடுக்கிறது நாம. யாருக்கு அமுக்குறாங்கங்கறது அவங்க குடும்ப விஷயம்." பல்லிலிருந்து எடுத்ததை ஒருமுறை பார்த்துவிட்டுச் சுண்டிவிட்டார்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் சோபாவில் கால் நீட்டியிருந்தார். அக்கா டீ போட உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"உன்கிட்ட ஒண்ணு காட்டணும். உங்க ஆபீஸ்காரனே எனக்கு நன்றி சொல்லியிருக்கான் பாரு." எண்ணெய் படிந்த போனை மச்சினி கையில் வைத்துவிட்டு, அவளும் சிரிப்பாள் என்று முகத்தையே பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. தெருவரைக்கும் கேட்கிற குரலில், ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். அத்தான் போனைப் பிடுங்கப் பார்த்தார். அவள் நகர்ந்து நின்று முடிவுவரை வாசித்தாள்.

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா வாசலருகே வந்து நின்றாள்.

"அடுப்படியா?" என்றாள்.

"சும்மா விளையாட்டுக்குப் போட்டதும்மா. நான் என்ன உனக்குச் சோறு போடாமலா வெச்சிருக்கேன்? ஊர்ல எவனும் செய்யாததையா செஞ்சுட்டேன்? கம்பெனிக்காரனே பாராட்டியிருக்கான்!"

"அந்தப் பாராட்டை எழுதினது நான்தான், அத்தான்," என்றாள் தங்கை.

அக்காவின் பார்வை மெதுவாக இவள் பக்கம் திரும்பியது. "படிச்சுட்டா எழுதினே?"

"படிக்காமதான் போட்டேன்க்கா."

"அது இன்னும் நல்லாருக்கு."

கணவனைப் பார்த்த அதே அருவருப்போடு அக்கா தன்னையும் பார்த்ததைத் தங்கையால் தாங்க முடியவில்லை.

அக்கா அடுப்பை அணைத்தாள். சான்றிதழ் ஃபைலையும் நாலு துணியையும் பையில் திணித்துக்கொண்டு தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாள் இன்டர்வியூ எடுத்த கம்பெனி வாசலில் போய் நின்று, "நெட் போகலை சார், நிறுத்திட்டாங்க" என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். உட்காரவைத்து முதல் கேள்வியிலிருந்து மறுபடி கேட்டார்கள். முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள்.

தங்கை அந்த நன்றியை அழித்துவிட்டு, 'நீங்கள் செய்தது கேவலம்' என்று எழுதினாள். ஒரு மணி நேரத்தில் மேனேஜர் பழையபடி மாற்றிவிட்டார். அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள்.

அக்கா நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் காலை, தலை வாரிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி கேட்டாள்:

"எங்க ஆபீஸ்ல உனக்கும் ஏதாவது இடம் இருக்கான்னு கேக்கட்டுமாடி?"